அச்சகத்து ஹார்ட் டிஸ்க்கில் எதை வைக்க, எதை அழிக்க

கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டையில் ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக் என்று ஓடிய கடை. 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஊர் வளைவில் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. இங்கே பல குடும்பங்களுக்குச் சம்பந்தம் கேரளத்துப் புனலூரிலும் கொல்லத்திலும்தான். அதனால் அந்தக் கடையில் ஒரே மேசையில் தமிழும் மலையாளமும் டைப் ஆகும்.

வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பும் பழக்கம் வந்து வேலை குறைந்தது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. கடைக்கார அண்ணாச்சி அதைக் கைமாற்றிவிட முடிவு செய்தார். கம்ப்யூட்டர் சர்வீஸ் என் தொழில். "பழைய இரும்புக்காரன் வந்து வெல பேசிட்டுப் போயிட்டான் தம்பி. அவன்ட்ட தூக்கிக் குடுக்கதுக்கு முந்தி உள்ள என்னதான் கெடக்குன்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுதியா?" என்றார். பார்க்க ஆரம்பித்தது சாரல் சீசனில். ஒதுக்கி முடித்தபோது சீசன் போய்விட்டது. இப்போது ஸ்டுடியோ, டிடிபி சென்டர், ஜெராக்ஸ் கடை என்று மூடுகிறவர்கள் நிறைய. அவர்களில் யாருக்காவது உதவும் என்று செய்ததை எழுதிவைக்கிறேன்.

கைக்கு வந்தவை: கடையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் (500 ஜிபி டிஸ்க்), பரணில் கிடந்த இரண்டு பென்டியம் பெட்டிகள் (40 ஜிபி, 80 ஜிபி, இரண்டும் ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை), ஒரு டப்பா நிறைய பிளாப்பி, சிடி கட்டுகள், பிளாப்பி மாதிரியே ஆனால் அதிகம் கொள்ளும் ஜிப் டிஸ்க் கொஞ்சம். பழைய கோப்புகள் 1997-இல் தொடங்குகின்றன.

எதையும் திறந்து பார்க்கும் முன்னால் நகல் எடுத்தாக வேண்டும். பழைய டிஸ்க்கை அதே பெட்டியில் வைத்து விண்டோஸை ஏற்றிப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கும். விண்டோஸ் ஏறும்போதே டிஸ்க்கில் எழுதத் தொடங்கிவிடும். பல வருஷம் சுழலாமல் கிடந்த டிஸ்க் அந்த ஒரு ஓட்டத்திலேயே நின்றுபோகவும் கூடும். ஜம்பரை மாஸ்டரில் வைத்து, ஐடிஇ–யுஎஸ்பி மாற்றியில் மாட்டி, லினக்ஸில், பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் மென்பொருளான டிடிரெஸ்க்யூவை ஓட்டினேன். சுலபமாக வாசிக்கக் கிடைக்கும் பகுதிகளை அது முதலில் அள்ளிக்கொள்ளும். அடம்பிடிக்கும் பகுதிகளைக் குறித்துவைத்துக்கொண்டு கடைசியில்தான் திரும்ப முயலும். எது வந்தது, எது வரவில்லை என்று குறித்துவைக்கும் மேப் கோப்புக்கு ஒரு பெயர் கொடுத்து ஓட்டினால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாரல் காலத்தில் எங்கள் ஊர்க் கரண்டை நம்பி வேறு எப்படியும் செய்ய முடியாது. 40 ஜிபி டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டே, அங்கங்கே சில செக்டர் தவிர, முழுசாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லா வேலையும் இமேஜில்தான் (டிஸ்க்கின் முழு நகலான கோப்பு), அதுவும் வாசிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து.

பிளாப்பிகளில் பெரும்பாலானவை போய்விட்டன. இந்த ஊர் ஈரத்தில் அவை இத்தனை நாள் இருந்ததே பெரிது. ஷட்டரைத் தள்ளிப் பார்த்தால் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை தெரியும். அதை அப்படியே டிரைவில் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடுகிற நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்து, காயவிட்டுத்தான் போட வேண்டும். வந்தவரை லாபம் என்று விட்டுவிட்டேன்.

எல்லாம் சேர்த்து 400 ஜிபிக்குப் பக்கம். அண்ணாச்சி மலைத்துப்போனார். அதில் பாதிக்கு மேல் சினிமாப் பாட்டு, படம், மென்பொருள் செட்டப், கிளிப்ஆர்ட் சிடி, சாமி பட சிடி. யோசிக்காமல் அழித்தேன். ஊரெல்லாம் இருக்கிற சரக்குக்கு நாம் காவல் இருக்க வேண்டியதில்லை. "இது வேறு யாரிடமாவது இருக்குமா?" என்பதுதான் நான் வைத்துக்கொண்ட முதல் கேள்வி. பெரிய குவியலை அது ஒன்றே கரைத்துவிட்டது.

அடுத்தது ஒரே கோப்பின் நகல்கள். ஒவ்வொன்றுக்கும் ஷா-256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு, எண் ஒத்துப்போனதில் ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுத்தேன். இது எந்திர வேலை. 'பைனல்', 'பைனல் நியூ', 'லாஸ்ட் பைனல் ஓகே' என்று கிடந்த கோப்புகளிடம்தான் அந்தக் கணக்கு பலிக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். அண்ணாச்சி கூட உட்கார்ந்து பார்த்தார். ஒரு பத்திரிகையின் முதல் புரூஃபில் அழைப்போர் பட்டியலில் ஒரு சித்தப்பா இருக்கிறார். அச்சுக்குப் போனதில் அவர் இல்லை. இன்னொன்றில் தாய்மாமன் வரிசை மேலும் கீழும் மாறியிருக்கிறது. "அந்த வீட்டுல அப்ப ஒரு சண்ட" என்று கதை சொல்லத் தொடங்கிவிட்டார். கேட்க ருசியாகத்தான் இருந்தது. ஆனால் குடும்பம் உட்கார்ந்து பேசி, கையெழுத்துப் போட்டு, அச்சுக்குக் கொடுத்த வடிவம் ஒன்றுதானே அவர்கள் ஊருக்குக் காட்டியது. அதை மட்டும் வைத்தோம். புரூஃப்கள் போயின.

இங்கேதான் இரண்டாவது கேள்வி வந்தது: இது யாருடையது?

கடையில் ஸ்கேனரும் இருந்ததால் ஊரில் பாதிப் பேருடைய ஆதார், ரேஷன் கார்டு, மதிப்பெண் சான்றிதழ், பத்திர நகல், சாதகம் எல்லாம் அந்த 500 ஜிபி டிஸ்க்கில் கிடந்தன. விண்ணப்பம் போட ஸ்கேன் செய்தது, அப்படியே தங்கிவிட்டது. நான் உடனே அழிக்கலாம் என்றேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "எத்தன பேரு வந்து கேட்டுருக்கான் தெரியுமா? மார்க் ஷீட்டு தொலஞ்சுபோச்சு, நீங்க ஸ்கேன் பண்ணது இருக்கான்னு வருவான். எடுத்துக் குடுத்துருக்கேன்லா." அவர் சொன்னது உண்மை. பலருக்கு அந்த டிஸ்க்தான் இரண்டாவது பெட்டகமாக இருந்திருக்கிறது. ஆனால் கடை கைமாறிய பிறகு அந்தப் பெட்டகத்துக்கு யார் பொறுப்பு? 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அது இல்லாவிட்டாலும் அடுத்தவன் ஆதாரை வைத்துக்கொண்டிருப்பது வம்பு.

கடைசியில் கடைக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினோம், இரண்டு மொழியிலும்: உங்கள் ஸ்கேன் கோப்புகள் வேண்டுமானால் பென்டிரைவோடு வாருங்கள், இந்த மாதக் கடைசிக்குப் பிறகு இருக்காது. வந்தவர்கள் சான்றிதழ் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தோம். அதிகம் கேட்டது பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை. இறந்துபோன அப்பா, அம்மா, ஆச்சி. வேறு படமே எடுக்காதவர்கள், ஏதோ பென்ஷன் மனுவுக்காக ஒரு நாள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு அம்மா தன் மாமியார் படத்தை வாங்கிப்போய்ப் பெரிதாக்கி மாட்டினார். அதைப் பார்த்துவிட்டு, "படத்த மட்டுமாவது வச்சுக்குவோமே" என்று அண்ணாச்சி இறங்கிப் பேசினார். நான் இதில் பிடிவாதமாக இருந்தேன். பெயர் இல்லாத முகத்தை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. பெயரோடு இருந்தால் அது அவர்கள் வீட்டுச் சொத்து. கேட்டவர்களுக்குக் கொடுத்தோம், மிச்சத்தை அழித்தோம்.

அழிப்பது என்றால் டெலீட் அழுத்துவது போதாது. அது பெயர்ப் பதிவை மட்டும் எடுக்கும். சாதாரண மீட்பு மென்பொருளே திருப்பிக் கொண்டுவந்துவிடும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் முழுதும் ஒரு தடவை சைபர் எழுதினால் போதும். எஸ்எஸ்டி, பென்டிரைவில் அந்த வழி நம்பகமில்லை, அவை எழுதும் இடத்தைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். எஸ்எஸ்டிக்குத் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளைதான் சரி. சிடியைக் கத்தரியால் வெட்டினோம். 40 ஜிபி டிஸ்க் தட்டுகளில் டிரில் போட்டபோது பக்கத்து வெல்டிங் கடைப் பையன் காசு வாங்க மறுத்துவிட்டான்.

இனி மிஞ்சியது அச்சகத்தின் சொந்தச் சரக்கு: பத்திரிகை, நோட்டீஸ், போஸ்டர். எல்லாவற்றையும் வைக்க முடியாது. வைத்தால் யாரும் திறந்தே பார்க்கமாட்டார்கள். அரசு ஆவணங்களுக்கு 1993-இல் வந்த பொது ஆவணங்கள் சட்டத்தில் ஒரு விதி உண்டு: 1892-க்கு முன் உருவான எந்த ஆவணத்தையும் அழிக்கக் கூடாது, ஆவணமாக எதற்கும் பயன்படாத அளவுக்குச் சிதைந்திருந்தால் தவிர. பழையது அரிதாகத்தான் தப்பி வருகிறது, அதில் போய்ப் பொறுக்கிக்கொண்டிருக்காதே என்பது அதன் உள்ளர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன். எங்களுக்கு 1892-ஆக 2005 ஆனது. அதற்கு முந்தைய அச்சு வேலை ஒன்று விடாமல் வைத்தோம். பிறகு வந்தவற்றில் வருஷத்துக்குத் தை, ஆடி இரண்டு மாதம் மட்டும் முழுசாக. தையில் கல்யாணம், ஆடியில் கொடை. சாவுக்கு மாதம் கிடையாது, அது இரண்டிலும் இருக்கும். வருஷம் முழுக்க அழகான டிசைனாகப் பார்த்துப் பொறுக்குவதைவிட இது நல்லது. பொறுக்குகிறவனுக்குப் பிடித்தது மட்டும் தங்கிவிடும் ஆபத்து இல்லை.

அப்புறம் எழுத்துரு. இதுதான் உடம்பை முறித்தது.

எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-இல், தமிழ் இருந்தது. ஆனால் நம் அச்சகங்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் பாமினி, வானவில், ஷ்ரீலிபி என்றுதான் ஓடின. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்திவைத்தவை. எழுத்துரு இருந்தால் 'திருமணம்'. இல்லாவிட்டால் ஆங்கிலக் கிறுக்கல். எந்த எழுத்துரு என்று கோப்பிலேயே எழுதியிராவிட்டால் வாசனை பிடித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கிறுக்கலில் அரைப்புள்ளி மலிந்து கிடந்தால் அநேகமாகப் பாமினி. அதில் மெய்யெழுத்தின் புள்ளி விழுவது அரைப்புள்ளி விசையில். மாற்றி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பழைய முறையில் கொம்பு முதலில், எழுத்து பிறகு. யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. 'கொ' மூன்று துண்டாக வரும். மாற்றி இதையெல்லாம் சரியாக அடுக்கினாலும், டைப் அடித்தவர் கை வழக்கத்தை அதனால் திருத்த முடியாது. 'கௌரி' என்ற பெயரைக் கொம்பு, க, ள என்று அடித்திருப்பார்கள். கண்ணுக்குச் சரி, தேடினால் அகப்படாது. ஊரில் எத்தனை கௌரி! தேடி மாற்றும் விதி ஒன்றை எழுதி ஓட்டினேன்.

மலையாளப் பக்கம் கார்த்திகா, ரேவதி எழுத்துருக்கள். அங்கே தலைவலி சில்லெழுத்து, அதாவது உயிர் சேராமல் தனி வடிவில் வரும் மெய். 2008-இல் யூனிகோட் 5.1 சில்லுகளுக்குத் தனி இடம் கொடுத்தது; அதற்கு முன் மெய்யெழுத்து, சந்திரக்கலை, இணைப்புக் குறி என்று மூன்றாக எழுதினார்கள். இரண்டு விதமும் கலந்திருந்தால் ஒரே 'ஐயப்பன்' இரண்டு ஆளாகத் தெரிவார். எல்லாவற்றையும் புதிய முறைக்குக் கொண்டுவந்தேன். மலையாளம் வாசித்துச் சரிபார்த்தது புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கும் அண்ணாச்சியின் மகள்.

பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளை லிப்ரெஆபீஸ் திறக்கிறது. பக்க அமைப்பு சிதறும், ஆனால் எழுத்து வந்துவிடும். பார்வைக்கு அன்றைய அச்சு போலவே வேண்டும் என்றால், பழைய டிஸ்க்கின் இமேஜையே, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டராக ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் ஏற்றி, அதே பேஜ்மேக்கரில் அதே எழுத்துருவோடு திறந்து பிடிஎஃப் ஆக்க வேண்டும். இரண்டும் செய்தேன். பிடிஎஃப் மட்டும் போதாது: அதற்குள் புதைந்திருப்பது அதே கிறுக்கல்தான், தேட முடியாது. கோரல்டிரா போஸ்டர்களில் எழுத்தையே வளைகோடாக மாற்றித்தான் பிளக்ஸ் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். அவற்றைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் டெசராக்டில் ஓட்டினேன். அலங்கார எழுத்தில் அது தடுமாறும். பெயர்களைக் கையால் திருத்தினோம்.

தேதியும் ஒரு பிரச்சினை. பென்டியம் பெட்டிகளில் ஒன்றுக்கு, கடிகாரத்தை ஓட்டும் சிமோஸ் பேட்டரி செத்துப்போய், ஏகப்பட்ட கோப்புகளின் நாள் 1-1-1980 என்றே இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் ஆங்கிலத் தேதி இருக்கும், பிழைத்தோம். கொடை நோட்டீஸ்களில் பல, கொல்லம் ஆண்டும் (கேரளத்து ஆண்டுக் கணக்கு) தமிழ் மாதமும் கிழமையும் மட்டும் போட்டவை. எங்கள் பக்கத்தில் கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். அதனால் ஆங்கில ஆண்டு வர, ஆவணி முதல் டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி வரை 825. 1174 ஆடி முடிந்து 1175 ஆவணி பிறக்கும். இரண்டுமே 1999 தான். கிழமையை வைத்துச் சரிபார்க்கலாம். மலையாளப் பக்கத்துத் தேதி சில வருஷம் ஒரு நாள் முன்னப்பின்ன இருக்கும், மாதப் பிறப்புக் கணக்கு வேறு. கடைசியில் கோப்புறைகளுக்கும் கொல்லம் ஆண்டையே பெயராக வைத்தோம். அண்ணாச்சிக்கு அதுதான் கைக்கு வந்தது.

எழுத்து எல்லாம் தேடக்கூடியதாக ஆனபிறகுதான் எதைக் காப்பாற்றினோம் என்பது எனக்கே தெரிந்தது. நான் பெரிதாக நினைத்திருந்தது தலைப்புகள், பார்டர்கள், அண்ணாச்சி கையால் வரைந்து ஸ்கேன் செய்த யானை, குத்துவிளக்கு. பொக்கிஷம் இருந்தது கீழே பொடி எழுத்தில். பழைய பத்திரிகைகளில் 'வழி' என்று ஒரு வரி: கொல்லம் ரயிலில் வருகிறவர்கள் எந்த நிலையத்தில் இறங்க வேண்டும், திரும்பிப் போக எந்த வண்டி தோது. 1904-இல் ஓடத் தொடங்கிய அந்த மீட்டர் கேஜ் பாதைதான் ஆரியங்காவு, தென்மலைக்காரர்களுக்குக் கல்யாண வண்டி. முகூர்த்த நேரத்தை அவர்கள் ரயிலைப் பார்த்துக் குறித்தார்களோ என்றுகூடத் தோன்றும். 2010 செப்டம்பரில் அகலப் பாதைக்காகப் புனலூர் வரையான பகுதி நின்றது. அதற்குப் பிறகு வந்த தை மாதப் பத்திரிகைகளில் ரயில் வரி இல்லை. 'வேன் வசதி செய்யப்பட்டுள்ளது' வந்துவிட்டது. 2018-இல் பாதை முழுசாகத் திறந்தபிறகும் பழைய வரி திரும்பவில்லை. அதற்குள் எல்லார் கையிலும் மேப். 2020 பத்திரிகைகளில் வேறு வரி: 50 பேருக்கு மேல் கூடாது, இல்லத்திலிருந்தே வாழ்த்துங்கள்.

இந்த வரிகளை எந்தக் குடும்பமும் எடுத்துவைக்காது. ஆல்பம் வைத்திருப்பார்கள், பத்திரிகையின் பின்பக்கத்தை வைத்திருக்கமாட்டார்கள். இதைப் பார்த்தபிறகு முடிவு சுலபமாகிவிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கோப்பு: யூனிகோடில் வெறும் எழுத்து; பார்வைக்கு ஒரு பிடிஎஃப்/ஏ (நெடுங்காலம் வைப்பதற்கான பிடிஎஃப் வகை); எழுத்துரு, தேதி, எங்கிருந்து எடுத்தது என்ற சின்னக் குறிப்பு. தொலைபேசி எண்களையும் கதவு எண்களையும் எழுத்துக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். பிடிஎஃப்பில் அவை இருக்கும், அதனால் பிடிஎஃப் வெளியே போகாது. பேஜ்மேக்கர், கோரல் மூலங்களை 2005 வரையானதற்கு மட்டும் வைத்தேன். 400 ஜிபி 9 ஜிபி ஆனது. மூன்று நகல்: ஒன்று அண்ணாச்சி வீட்டில் ஹார்ட் டிஸ்க், ஒன்று நெடுங்காலம் தாங்கும் வட்டான எம்-டிஸ்க்கில் எழுதியது, ஒன்று மலைக்கு அந்தப்புறம் புனலூரில் மகள் வீட்டில். கூடவே ஷா-256 பட்டியல். வருஷம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து எண் மாறியிருந்தால் அடுத்த நகலிலிருந்து எடுத்துப் போட வேண்டும்.

ஒரே ஒரு கோப்பில் மட்டும் எனக்கும் அண்ணாச்சிக்கும் இழுபறி. ஒரு கோயில் தகராறில் யாரோ எழுதிக்கொண்டுவந்த மொட்டை நோட்டீஸ். ஆட்களைப் பெயர் சொல்லித் திட்டியிருந்தது. அச்சிட்டவர் பெயரும் ஊரும் இல்லாமல் எதையும் அச்சடிக்கக் கூடாது என்பது அப்போது நடப்பில் இருந்த 1867-ஆம் வருஷச் சட்டம். "டைப் மட்டும் அடிச்சேன். பிரஸ் பேரு போடாம அடிக்கமாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டேன். அத அழிச்சுரு தம்பி." எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தகராறு பற்றி இப்போது ஊரில் உலவுவது ஜெயித்த பக்கத்துக் கதை மட்டும்தான். மற்றப் பக்கம் என்ன சொன்னது என்பதற்கு இந்த ஒரு தாள்தான். அதேசமயம் பெயர் வந்தவர்களில் சிலர் இன்னும் கடைத்தெருவில் எதிர்ப்படுகிறார்கள்.

ஆவணக் காப்பகங்களில் பெட்டியைப் பூட்டி இத்தனை வருஷம் திறக்காதே என்று எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. அதைச் சொன்னேன். கொல்லம் 1225 ஆவணி வரைக்கும், அதாவது 2049. கோப்பைக் கடவுச்சொல் போட்டு 7-ஜிப்பில் பூட்டினேன், பெயரும் தெரியாதபடி. கடவுச்சொல் காகிதத்தில், ஒட்டிய கவரில், புனலூரில். "அன்னைக்கு நான் இருக்கமாட்டேன், எவன் வந்து கேக்கப் போறான்" என்று சொல்லிவிட்டுக் கவரின் மேல் அண்ணாச்சியே ஆண்டை எழுதிக் கொடுத்தார்.

ஜிப் டிஸ்க்குகள் மட்டும் மிச்சம். 100 எம்பி வகை. மேலே ஒட்டிய தாளில் 'அச்சன்கோவில் ஆபரணப் பெட்டி' என்று ஒன்றில் இருக்கிறது; மார்கழியில் புனலூரிலிருந்து இந்த வழியாக வரும் ஊர்வலத்துக்கு அடித்த இருமொழி நோட்டீஸாக இருக்க வேண்டும். அண்ணாச்சியிடம் இருந்த டிரைவ் ஓடவில்லை. தென்காசி, புனலூர், கொல்லம் பக்கம் யாரிடமாவது வேலை செய்கிற ஜிப் டிரைவ் இருந்தால் சொல்லுங்கள், பேரலல் போர்ட் என்றாலும் பரவாயில்லை. பரணில் இருந்த பென்டியம் ஒன்றை அதற்காகவே இரும்புக்காரனிடம் போடாமல் நிறுத்திவைத்திருக்கிறேன்.